பந்தி தொடங்கும் முன்: நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு கௌதள்ளி வட்டாரம் தரும் எச்சரிக்கை என்ன?

கொள்ளேகாலில் இருந்து மலை மாதேஸ்வரர் மலைக்குச் செல்லும் சாலையில், ஹனூரைக் கடந்ததும் வருகிறது கௌதள்ளி. சிவராத்திரி, யுகாதி, தீபாவளி ஆகிய விழாக் காலங்களில் பாதயாத்திரை செல்வோர் இவ்வூரைக் கடந்துதான் மலையடிவாரமான தாளபெட்டாவை அடைகின்றனர். வழிநெடுக நீர்மோர், பானகம், சித்திரான்னம் என வழங்கப்படுகின்றன. தமிழகத்தின் சேலம், ஈரோடு மாவட்டங்களில் இருந்தும் பக்தர்கள் இம்மலைக்கு வருகின்றனர். 1956-ல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்படும் வரை கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூரு மாவட்டத்தில் சேர்ந்து, 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதன் பகுதியானது. இன்றும் இவ்வட்டாரச் சிற்றூர்கள் பலவற்றில் தமிழ் பேசப்படுகிறது.

பொது நிகழ்ச்சிகளைத் தொழிலாக ஏற்று நடத்துவோர் இந்த வட்டாரத்தைத் தெரிந்துகொள்ள ஒரு துயரமான காரணம் உள்ளது. இதே ஹனூர் பகுதியில் உள்ள சுள்வாடி கிராமத்தின் கிச்சுகுத்தி மாரம்மா கோயிலில், 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டும் விழா நடைபெற்றது. விழாவுக்கு வந்தவர்களுக்குத் தக்காளி சாதம் வழங்கப்பட்டது. அதை உண்ட சிறிது நேரத்தில் பலர் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தனர். 17 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. கோயில் அறக்கட்டளை நிர்வாகத்தில் நிலவிய பூசலே இதற்குக் காரணம் என்று காவல்துறை குற்றஞ்சாட்டி, நால்வரைக் கைது செய்தது.

இது குற்றவழக்கு, கெட்டுப்போன உணவால் நேர்ந்த விபத்து அன்று. அப்படியிருக்க, நேர்மையாக விழா நடத்துவோர் இதிலிருந்து தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்ற கேள்வி எழலாம். விஷம் கலந்தவர் யார் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். விஷம் கலந்த உணவு சமையல் இடத்தில் இருந்து நூற்றுக்கணக்கானோரின் இலை வரை எந்தத் தடையும் இன்றி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது ஏற்பாட்டாளர்கள் கேட்க வேண்டிய கேள்வி. விஷம் இல்லாத, வெறுமனே கெட்டுப்போன உணவும் அதே வழியில்தான் பயணம் செய்கிறது.

நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?

சுள்வாடியில் உணவில் இருந்து ஏதோ வாடை வீசியதைச் சிலர் உணர்ந்ததாக அப்போதைய செய்திகள் தெரிவித்தன. ஆயினும் உணவு வழங்கப்பட்டது. இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2013-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று, பீகாரின் சாரன் மாவட்டம் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகள் 23 பேர் உயிரிழந்தனர். அங்கும் கண்டறியப்பட்டது இதே மோனோகுரோட்டோபாஸ். சமையல் எண்ணெயின் வாடையைப் பற்றிச் சமைத்தவர் சொன்னதாகவும், சுவை சரியில்லை என்று பிள்ளைகளே கூறியதாகவும் செய்திகள் வந்தன. அங்கும் பந்தி நிற்கவில்லை.

இரண்டு இடங்களிலும் எச்சரிக்கை கிடைத்தது. அதைக் கேட்டு நிறுத்தும் ஆள்தான் இல்லை. நிகழ்ச்சி ஏற்பாட்டில் உணவைப் பற்றிய மற்ற எல்லா அறிவுரைகளும் இதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். பெரிய விழாவில் மேடைக்கு ஒருவர், ஒலிபெருக்கிக்கு ஒருவர், வாகன நிறுத்தத்துக்கு ஒருவர் என்று பொறுப்புகள் பிரிக்கப்படுகின்றன. உணவுக்கும் ஒருவர் இருப்பார். ஆனால் அவருடைய வேலை 'சரியான நேரத்தில் பந்தி தொடங்க வேண்டும்' என்பதாகவே வகுக்கப்படுகிறது. பந்தியைத் தாமதப்படுத்தினால் குற்றவாளியாகும் ஒருவரால், உணவைக் கொட்டச் சொல்ல முடியாது.

எனவே இரண்டு பொறுப்புகளையும் பிரிப்பது நல்லது. பரிமாறலை நடத்துபவர் ஒருவர். உணவை ஏற்கவோ மறுக்கவோ அதிகாரம் பெற்றவர் வேறொருவர். இரண்டாமவர் சமையல் ஒப்பந்தக்காரரின் ஆளாகவோ, விழாக் குழுவுக்குள் போட்டியிடும் ஏதேனும் ஓர் அணியைச் சேர்ந்தவராகவோ இருக்கக் கூடாது. அவர் மறுத்தால் மாற்று என்ன என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். பிஸ்கட், வாழைப்பழம், குடிநீர் எனப் பொட்டலமிட்ட எளிய இருப்பு கைவசம் இருந்தால், ஓர் அண்டா சாதத்தைக் கீழே கொட்டுவதற்கான தயக்கம் பாதி குறைந்துவிடும். பசியோடு நிற்கும் கூட்டத்தை வெறுங்கையுடன் எதிர்கொள்ள வேண்டும் என்ற அச்சத்திலேயே பல தவறான முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

சுவைத்துப் பார்க்கும் வழக்கத்துக்கும் இதில் இடம் உண்டு. மதிய உணவுத் திட்ட வழிகாட்டுதல்கள், பிள்ளைகளுக்கு வழங்கும் முன் குறைந்தது ஓர் ஆசிரியர் உள்ளிட்ட இரண்டு, மூன்று பெரியவர்கள் உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்கின்றன. விழாக்களிலும் இதைப் பின்பற்றலாம். முதலில் முகர்ந்து பார்த்து, ஐயம் இருந்தால் வாயில் வைக்காமலேயே நிறுத்திவிட வேண்டும். ஐயம் இல்லையெனில் சிறிதளவு சுவைத்து, அரை மணி நேரமாவது காத்திருந்து பரிமாறுவது முறை. மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளின் அறிகுறிகள் சில நிமிடங்களில் இருந்து சில மணி நேரத்துக்குள் தோன்றுபவை என்பதால் இந்தக் காத்திருப்புக்குப் பொருள் உண்டு. கிருமிகளால் கெட்ட உணவை இச்சோதனை காட்டிக்கொடுக்காது என்பதையும் மறக்கலாகாது. அத்தகைய உணவு பெரும்பாலும் நல்ல மணத்துடனும் நல்ல சுவையுடனுமே இருக்கும்.

சட்டத்துக்குப் பிரசாதமும் உணவே

'ஈவென்ட் மேனேஜர்' என்ற சொல்லைக் கேட்டால் நட்சத்திர விடுதித் திருமணங்களே நினைவுக்கு வரும். உண்மையில் நம் நாட்டின் பெரும்பாலான கூட்டங்களை நடத்துவோர் அப்படியொரு பெயர்ப்பலகை இல்லாதவர்கள்: கோயில் கமிட்டியினர், பந்தல் ஒப்பந்தக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள். இப்போது அவர்களிடம் இருந்து இப்பணி மெல்ல மெல்லத் தொழில்முறை ஏற்பாட்டாளர்களின் கைக்கு வருகிறது. யார் நடத்தினாலும் சட்டம் ஒன்றே.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் உணவுக்குத் தரும் விளக்கத்தில் பிரசாதத்துக்கு விலக்கு இல்லை. 2011-ஆம் ஆண்டின் உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகள், சமய, சமூகக் கூடுகைகளில் உணவு வழங்குவோரையும் சிறு உணவு உற்பத்தியாளர் என்ற வகைக்குள் கொண்டுவந்து, பதிவு செய்துகொள்ளச் சொல்கின்றன. ஒப்பந்தம் பெற்றுச் சமைத்துத் தரும் கேட்டரிங் நிறுவனங்கள் இந்தச் சிறு உற்பத்தியாளர் வகையில் சேரா. அவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. இலவசமாகத்தானே கொடுக்கிறோம் என்ற வாதம் இங்கு எடுபடாது.

பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால், சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி குறைந்தது 7 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறையும், 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். 65-ஆம் பிரிவு இழப்பீட்டைப் பற்றியது. மரணத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் என அது நிர்ணயிக்கிறது. தானாகவோ, தன் சார்பில் பிறர் மூலமாகவோ உணவை வழங்கியவர் என்ற அதன் வாசகம் ஏற்பாட்டாளர்கள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டியது. சமையலை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டதால் மட்டும் பொறுப்பு கைமாறிவிடாது. ஒப்பந்தத்தில் சமையல் நிறுவனத்தின் பதிவு அல்லது உரிம எண், சமையல் நடக்கும் இடம், சமைப்போர் பட்டியல், உணவை மறுக்கும் உரிமை ஆகிய நான்கும் எழுத்தில் இருப்பது பாதுகாப்பு.

சுள்வாடி நிகழ்வுக்குப் பிறகு கர்நாடக அறநிலையத் துறை கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சமையல் இடத்துக்குள் வெளியாட்களை அனுமதிக்கக் கூடாது, கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும், உணவைச் சோதித்த பிறகே வழங்க வேண்டும் என்பன போன்ற அறிவுறுத்தல்கள் அதில் இடம்பெற்றன. சுற்றறிக்கை கோயில்களுக்கானது என்றாலும், கல்யாண மண்டபத்துக்கும் நிறுவன விழாவுக்கும் அப்படியே பொருந்தக் கூடியது. வழிபாட்டுத் தலங்களின் சமையற்கூடங்களுக்கென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 'போக்' என்ற சான்றளிப்புத் திட்டத்தையும் நடத்துகிறது. தமிழகக் கோயில்கள் பல அச்சான்றைப் பெற்றுள்ளன.

சாவியும் வெப்பமானியும்

கண்காணிப்புக் கேமரா நல்லதே. ஆனால் திறந்த வெளியில் கோட்டையடுப்பு மூட்டிச் சமைக்கும் விழாக்களுக்கு அது எப்போதும் சாத்தியமில்லை. அங்கே பயன்படுவது எளிய ஏற்பாடுதான். சமையல் இடத்தைச் சுற்றித் தடுப்பு, ஒரே நுழைவாயில், உள்ளே செல்ல அனுமதி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல், வாயிலில் ஓர் ஆள் ஆகியவை போதும். விழாவுக்கு முந்தைய இரவில்தான் மளிகையும் காய்கறியும் வந்து இறங்குகின்றன. அந்த இரவில்தான் காவலும் இல்லாமல் போகிறது. இருப்பு அறையின் சாவி யாரிடம் இருந்தது என்பதற்கு மறுநாள் விடை சொல்ல முடிய வேண்டும்.

கலன்களைப் பற்றியும் ஒரு சொல். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது. ஆனாலும் வேளாண் வட்டாரங்களில் பூச்சிக்கொல்லி வந்த டப்பாக்களைக் கழுவி வேறு பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் எளிதில் மறைவதில்லை. இத்தகைய மருந்துகள் நீரில் எளிதாகக் கலப்பவை. கொதித்தால் போய்விடும் என்று நம்பியிருக்க முடியாது. எண்ணெய், நீர், மோர் எதுவானாலும் இரவல் வாங்கிய கலனில் ஊற்றக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான விழாக்களில் ஆபத்து விஷத்தால் வருவதில்லை, நேரத்தால் வருகிறது. காலை 11 மணிக்கு வர வேண்டிய தலைவர் பிற்பகல் 2 மணிக்கு வருகிறார்; அதுவரை சாதம் அண்டாவில் மூடிக் கிடக்கிறது. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைவாகப் பெருகுகின்றன. அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் சமைத்த உணவை வைக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

சோற்றுக்கு இதில் தனிக் கவலை உண்டு. அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரையும் தாங்கி உயிர்வாழக் கூடியவை. சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை ஏற்படுத்தும் அந்த நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. பெரிய அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் இந்த வெப்பநிலையிலேயே இருக்கும். ஆகவே ஆற வைக்க வேண்டிய சாதத்தை அகன்ற தட்டுகளில் மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். சூடாகப் பரிமாற வேண்டியதைப் பந்திக்குப் பந்தி தவணையாகச் சமைக்க வேண்டும். புளியின் அமிலத்தன்மை கிருமிகளின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதால்தான் வழிநடைக்குப் புளியோதரை கட்டிச் செல்லும் பழக்கம் ஏற்பட்டது போலும். தயிர்சாதத்தையும் தேங்காய்ச் சட்னியையும் அந்த நம்பிக்கையில் கட்டிக் கொடுக்க முடியாது. உணவின் நடுவே குத்திப் பார்க்கும் வெப்பமானி விலை மிகுந்த கருவி அல்ல. பந்தல் தோரணத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆயினும் அதை வைத்திருக்கும் சமையல் குழுவைக் காண்பது அரிது.

குடிநீரைப் பொறுத்தவரை, தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்தாயிற்று என்ற சொல்லை நம்பி விட்டுவிடக் கூடாது. அரை மணி நேரத்துக்குப் பின் குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் இருக்கிறதா என்பதை குளோரோஸ்கோப் கருவியால் பார்த்துவிடலாம்.

மருத்துவமனை எவ்வளவு தொலைவு?

சுள்வாடியில் பாதிக்கப்பட்டவர்கள் முதலில் கொள்ளேகால் பகுதி மருத்துவமனைகளுக்கும், பின்னர் மைசூருவுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். இவ்வட்டாரத்தில் இருந்து மைசூரு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு நரம்புகளின் செயல்பாட்டைச் சீராக்கும் ஒரு நொதியை முடக்குகிறது. வாயில் எச்சில் வழிதல், கண்ணில் நீர், மிகையான வியர்வை, கண்பாவை ஊசிமுனையளவு சுருங்குதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல் என அறிகுறிகள் அடுத்தடுத்து வருகின்றன. அட்ரோபின் என்ற மாற்று மருந்தும், தேவைப்படுவோருக்குச் செயற்கைச் சுவாசக் கருவியும் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். ஒரே நேரத்தில் நூறு பேருக்கு இவற்றைத் தரும் வசதி எந்தச் சிற்றூரிலும் இருக்காது.

இடம் பார்க்கும்போதே இக்கணக்கைப் போட வேண்டும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது, செயற்கைச் சுவாச வசதி உள்ள மருத்துவமனை எது, அதற்குச் செல்ல எத்தனை நிமிடம், மழை பெய்தால் அந்தச் சாலை எப்படி இருக்கும் ஆகியவை அறியப்பட வேண்டும். எத்தனை பேர் கூடுகின்றனர், என்ன உணவு, எத்தனை மணிக்குப் பந்தி என்று சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்தால், அங்குள்ள மருத்துவர் மருந்து இருப்பைச் சரிபார்க்கவும், விடுப்பில் செல்லாமல் இருக்கவும் வாய்ப்பு ஏற்படும். காவல்துறை அனுமதிக்கு நடையாய் நடக்கும் ஏற்பாட்டாளர்கள் இந்த ஒரு கடிதத்தை எழுதுவதில்லை.

உண்டவர்கள் பாதிக்கப்படத் தொடங்கினால் முதலில் பரிமாறுவதை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு அந்தப் பகுதியில் பேசப்படும் எல்லா மொழிகளிலும் அமைவது அவசியம். கௌதள்ளி போன்ற எல்லை வட்டாரத்தில் கன்னடத்தில் மட்டும் சொன்னால் பாதிப் பேருக்கே எட்டக்கூடும். கூட்டத்தினர் இலையோடு முடித்துக்கொள்வதில்லை. வீட்டில் இருக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் பிரசாதத்தை எடுத்துச் செல்கின்றனர். ஆகவே சுற்றியுள்ள ஊர்களுக்கும் செய்தி போக வேண்டும். 108 அல்லது 112-ஐ அழைப்பதுடன், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் தொடர்புகொள்ளலாம். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். உப்புக் கரைசல் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்கும் முயற்சி கூடாது. அது மூச்சுக்குழாயை அடைத்துவிடும். முதல் ஆம்புலன்சிலேயே உணவின் மாதிரியையும் அனுப்பினால் மருத்துவர்களின் வேலை பாதியாகக் குறையும்.

உண்டதற்கும் முதல் அறிகுறிக்கும் இடைப்பட்ட நேரமும் ஒரு தடயமே. பூச்சிக்கொல்லி என்றால் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம். பேசிலஸ் சீரியஸ் நச்சாலும், கையில் புண்ணுள்ள சமையலரிடம் இருந்து பரவும் ஸ்டெஃபிலோகாக்கஸ் நச்சாலும் 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தி. சால்மொனெல்லா என்றால் பெரும்பாலும் அன்று மாலைக்குப் பிறகோ மறுநாளோ. பந்தி தொடங்கிய, முடிந்த நேரங்களைக் குறித்து வைத்திருக்கும் ஏற்பாட்டாளரால்தான் இத்தகவலை மருத்துவரிடம் தர முடியும்.

நெரிசலும் ஒரு காரணி

உணவு வழங்கும் இடம் நெரிசலுக்கும் இடமாகிறது. ஒரு சதுர மீட்டரில் நான்கைந்து பேருக்கு மேல் சேர்ந்தால் தனிமனிதர் தம் விருப்பப்படி நகர்வது கடினமாகிவிடும். பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே 2025-ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று 11 பேர் நெரிசலில் உயிரிழந்ததை அடுத்து, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது தொடர்பான மசோதாவைக் கர்நாடக அரசு கொண்டுவந்தது. கூட்டத்தின் அளவுக்கு ஏற்ப ஏற்பாட்டாளர்கள் முன் அனுமதி பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் பொறுப்பாளர் யார் என்பதை முன்கூட்டியே வரையறுக்கச் சொல்கிறது. உணவைப் பொறுத்தவரை, ஒரே வாயிலில் அனைவரையும் நிறுத்தாமல் பல இடங்களில் ஒரே நேரத்தில் வழங்குவதும், வாங்கியவர் வந்த வழியே திரும்பாமல் வேறு வழியில் வெளியேறுவதும் போதுமான தீர்வைத் தருகின்றன.

விழா முடிந்த பிறகும் ஒரு வேலை மீதமிருக்கிறது. ஒவ்வொரு அண்டாவில் இருந்தும் எடுத்த கால் கிலோ உணவைத் தூய்மையான மூடிய கலனில் இட்டு, உணவின் பெயர், நாள், நேரம் எழுதி, குளிர்பதனப் பெட்டியில் குறைந்தது 48 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பந்தி முடிந்த கையோடு பாத்திரங்கள் கழுவப்பட்டுவிடும். சமையல் குழு அடுத்த முகூர்த்தத்துக்குப் புறப்பட்டுவிடும். மறுநாள் காலை யாரேனும் தொலைபேசியில் அழைத்தால், ஏற்பாட்டாளரிடம் எஞ்சியிருக்கும் ஒரே சான்று அந்தக் கலன்தான்.